மாடி ஜன்னலுக்கு மூன்று தட்டு

வருஷத்தில் முந்நூற்று அறுபத்து நான்கு நாள், முடிதிருத்தும் இத்சுரோவைப் போலச் சாதுவான மனிதரை இசோமுரா துறைமுகத்தில் வலை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. முடி வெட்டிக்கொள்ள வந்தவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டால், அவராக விழிக்கும்வரை கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார். மிச்சமிருக்கும் அந்த ஒரு நாள் ஏப்ரல் இருபது. அன்றைக்குத்தான் குன்றின் மேல் இருக்கும் கோயிலிலிருந்து சாமி பல்லக்கில் இறங்கி ஊருக்குள் வருவார். பல்லக்குக்கு முன்னால் இரண்டு மரக்கட்டைகளோடு நடப்பவர் இத்சுரோ. அவர் ஒரு தட்டு தட்டினால் நடக்க வேண்டும். இரண்டு தட்டினால் நிற்க வேண்டும். மூன்று தட்டினால் முப்பது பேரும் பல்லக்கைத் தோளிலிருந்து எடுத்து, கையை முழுசாக நீட்டித் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். அந்த மூன்று தட்டு இரண்டே இடத்தில்தான் விழும். கோயில் படி இறங்கியதும் ஒருமுறை, துறைமுகத்தில் படகுகளுக்கு முன்னால் ஒருமுறை. இருபத்திரண்டு வருஷமாக இதில் மாற்றமில்லை.

அன்று அவர் முகத்தைப் பார்த்தால் பெற்ற தாய்கூடப் பயப்படுவாள். மாடி ஜன்னல் விஷயத்தில் கேட்கவே வேண்டாம். சாமி தெருவில் வரும்போது யாரும் மாடியிலிருந்து குனிந்து பார்க்கக் கூடாது. சாமி தலைக்கு மேலே மனுஷன் தலை இருக்கலாமா? பல ஊரில் உள்ள வழக்கம்தான். ஆனால் மற்ற ஊர்களில் இப்போதெல்லாம் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறார்கள். இத்சுரோ விடமாட்டார். பல் டாக்டர் வீட்டு மாடியில் ஒரு பூனை எட்டிப் பார்த்தது என்பதற்காகப் பல்லக்கை நிறுத்திய மனிதர் அவர். டாக்டர் மூச்சிரைக்க ஓடிப் போய்ப் பூனையை உள்ளே தூக்கிய பிறகுதான் அடுத்த தட்டு விழுந்தது.

ஊர் பூராவையும் ஆட்டிவைத்த அந்தச் சட்டம் இந்த வருஷம் அவர் வீட்டு மாடிப்படியிலேயே ஏறிவிட்டது.

மார்ச் முதல் தேதி விடிகாலை அவர் மனைவி மிசாவோ வழக்கம்போலக் கோயிலுக்குப் போனாள். மாதம் பிறந்தால் முதல் வேலையாகச் சாமியைப் பார்த்துவிட்டு வருவது அவளுடைய முப்பது வருஷப் பழக்கம். குளிர்காலம் போகிற போக்கில் ராத்திரி ஒரு பாட்டம் பனியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. கும்பிட்டுவிட்டு இறங்கும்போது கால் வழுக்கி, கீழ்ப்படிவரை உருண்டுவிட்டாள். இடுப்பெலும்பு உடைந்தது, முதுகெலும்பில் விரிசல், கூப்பிடக் குரல் இல்லை.

படிக்கட்டுக்கு எதிரே சலவைக்கடை வைத்திருக்கும் யாசுயோ அந்த நேரத்தில் மாடி ஜன்னலைத் திறந்திருக்கிறாள். வெள்ளைப் பனியில் சிவப்பாக ஏதோ கிடக்கிறதே என்று குனிந்து பார்த்தவளுக்கு மிசாவோவின் சால்வை அடையாளம் தெரிந்துவிட்டது. ஆம்புலன்சுக்குப் போன் செய்துவிட்டு, சலவைக்கு வந்து கடையில் தொங்கிக்கொண்டிருந்த ஊராரின் கம்பளிக் கோட்டுகளை அப்படியே வாரிக்கொண்டு ஓடினாள். அத்தனையையும் மிசாவோவின் மேல் போட்டு மூடி, அதற்கு மேல் தானும் அணைத்துப் படுத்துக்கொண்டாள். இன்னும் அரைமணி நேரம் ஆகியிருந்தால் குளிரே ஆளைக் கொண்டுபோயிருக்கும் என்றார் டாக்டர்.

ஆபரேஷன் நடந்த நாளில் இத்சுரோ கோயிலுக்குப் போய், வெறுங்காலோடு பனியில், வாசல் கல்லிலிருந்து சன்னிதிவரை நூறுமுறை நடந்து நடந்து கேட்டார். அவளைக் கொடுத்துவிடு, வேறு ஒன்றும் வேண்டாம். சாமியும் கொடுத்துவிட்டார். சாமிக்கு நன்றி சொல்வதில் இத்சுரோவுக்கு ஒரு சங்கடமும் இல்லை. தினமும் காலையில் கடை திறக்குமுன் குன்றைப் பார்த்துக் கைதட்டிக் கும்பிடுகிறார், கண் நிறைந்துவிடுகிறது.

யாசுயோவுக்கு நன்றி சொல்வதுதான் முடியவில்லை. காரணம் இருக்கிறது. எட்டு வருஷத்துக்கு முன்னால் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஒசாகாவிலிருந்து இந்த ஊருக்குக் குடிவந்த புதிதில், முதல் திருவிழாவன்று, பாவம், ஊர் வழக்கம் தெரியாமல் மாடி ஜன்னலைத் திறந்து சந்தோஷமாகக் கையாட்டினாள். இத்சுரோ பல்லக்கை நிறுத்தினார். "சாமி தலைமேலே ஏறி நின்னுட்டுக் கையாட்டறியா? இறங்கு கீழே," என்று ஊர் முழுக்கப் பார்த்திருக்கக் கத்தினார். அவள் இறங்கவில்லை. ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு திருவிழாவுக்கும் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு உள்ளேயே இருந்துவிடுவாள்.

மார்ச்சில் இத்சுரோ நல்ல பலகாரப் பெட்டி ஒன்றைப் பட்டுத்துணியில் கட்டி எடுத்துக்கொண்டு அவள் கடைக்குப் போனார். வைத்தார், குனிந்தார், "அவளுக்கு இப்போ பரவாயில்லை," என்றார், வந்துவிட்டார். எதற்கென்று நன்றி சொல்வது? மாடியிலிருந்து பார்த்ததற்கா? அன்றைக்குக் கத்திய வாய் இதை எப்படிச் சொல்லும்?

மிசாவோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. கீழே கடை, மேலே வீடு. படியோ ஏணி மாதிரிச் செங்குத்து. அவளை மாடிக்கு ஏற்ற நான்கு பேர் தேவைப்பட்டார்கள். பாதியில் வலி தாங்காமல் மயங்கிவிட்டாள். எலும்பு சேரும்வரை மல்லாந்து படுத்தே இருக்க வேண்டும், கீழே இறக்குகிற பேச்சே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டிருந்தார்கள்.

திருவிழாவன்று காலை இத்சுரோ ஊர்வலத்துக்கான நீலக்கோட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள்.

"என்னங்க, கடையிலேர்ந்து அந்தக் கைக்கண்ணாடியை எடுத்துட்டு வாங்களேன்."

முடி வெட்டி முடித்ததும் பின்னந்தலையைக் காட்டுவதற்காக வைத்திருக்கும் கண்ணாடி அது.

"எதுக்கு?"

"முடி எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

"நேத்துதானே நான் வெட்டிவிட்டேன்."

"அதனாலதான் பார்க்கணும்ங்கறேன்."

எடுத்து வந்து கொடுத்தவர், அவள் கை கண்ணாடியைத் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்ததும் புரிந்துகொண்டார்.

"மிசாவோ, இது ஆகாது."

"கண்ணாடிதானே கீழே பார்க்குது? நான் விட்டத்தைப் பார்த்துட்டுப் படுத்திருக்கேன்."

"எது வழியாப் பார்த்தாலும் பார்க்கறது கண்ணு."

"அப்போ பல் டாக்டர் வீட்டுப் பூனைக்கும் எனக்கும் ஒரே சட்டம்."

"ஒரே சட்டம்தான்."

அவள் சிரித்தாள். சிரித்தால் இடுப்பு வலிக்கும், அதனால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"கேட்டது நீங்க. நூறு தடவை நடந்து கேட்டீங்க. பிழைச்சது நான். நான் இன்னும் சாமிக்கு ஒரு கும்பிடு போடலை. வருஷத்துக்கு ஒருக்கா வாசல்வரைக்கும் வர்றாரு. அவரு முகத்துக்கு நேரா ஜன்னலைச் சாத்தறதா?"

"எலும்பு சேரட்டும். நானே உன்னை முதுகுல சுமந்துட்டுப் படி ஏறறேன்."

"அவ்வளவு படியுமா? அப்புறம் உங்களுக்கும் ஒரு கட்டில் வாடகைக்கு எடுக்கணும்." கண்ணாடியைப் போர்வைமேல் வைத்துவிட்டாள். "சரி, சாத்திட்டுப் போங்க. சத்தமாவது காதுல விழும்ல."

அவள் சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இத்சுரோ ஜன்னலை இழுத்துச் சாத்தித் திரையையும் விட்டார். வழி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இந்தத் தெருவில் கூரை தாழ்வு. மூன்று தட்டு தட்டினால் பல்லக்கின் உச்சியில் இருக்கும் தங்கப்பறவை மாடி ஜன்னலின் மேல்கட்டைக்கும் மேலே போய்விடும். படுத்திருப்பவள் சாமியை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருக்கும். சட்டமும் நிற்கும், அவளும் கும்பிடுவாள். ஆனால் தட்ட வேண்டியவர் அவர். ஊரார் பூனைக்கு ஒரு நியாயம், தன் பெண்டாட்டிக்கு ஒரு நியாயமா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அந்த யோசனையை அப்படியே விழுங்கிவிட்டுப் படி இறங்கினார்.

கடை வாசலில் யாசுயோ கூடையோடு நின்றாள். இன்றைக்கு மிசாவோவுக்குத் துணையாக இருக்கிறேன் என்று அவளாகவே சொல்லியிருந்தாள்.

"உங்களுக்கு வேலை கெட்டுப் போகுதே," என்றார் இத்சுரோ.

"திருவிழா அன்னிக்கு எனக்கு எப்பவும் வேலை கிடையாதே, தலைவரே."

அவள் குத்திக்காட்டவில்லை, இருப்பதைத்தான் சொன்னாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று இத்சுரோவுக்குத் தொண்டைவரை வந்தது. வாயைத் திறந்தார்.

"ஜன்னல்... ஜன்னல் சாத்தியிருக்கு. திறந்துடாதீங்க."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தன் தலையில் தானே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"தெரியும்," என்றாள் யாசுயோ செருப்பைக் கழற்றியபடி. "இந்த ஊர்ல நான் முதல்ல படிச்ச பாடமே அதுதானே."

கோயிலில் பூசாரி மந்திரம் சொல்லி, வெள்ளைத்துணி மறைவில் சாமியைப் பல்லக்குக்குள் எழுந்தருளச் செய்தார். முப்பது பேர் தோள் கொடுத்தார்கள். முன் கம்பில் மீன்கடைத் தெப்பெய். குரலும் தோளும் அவனுக்கு ஒரே அளவு.

"மிசாவோ அக்கா எப்படிண்ணே இருக்காங்க?" என்று கேட்டான்.

"படுத்திருக்கா."

"பல்லக்கு உங்க வாசல் வழியாத்தானே போகுது. பார்ப்பாங்கல்ல?"

"மாடியில இருக்கா."

இருபத்திரண்டு வருஷமாக அந்த வாசலில் மிசாவோ ஈரத்துண்டும், நடுவே புளிப்புப் பழம் வைத்துப் பிடித்த சோற்று உருண்டையும் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். தோள் கன்றி வருகிற ஒவ்வொருவனுக்கும் வாயிலேயே ஊட்டிவிடுவாள், கை கம்பில் இருக்குமே. அந்த முப்பது பேரில் அவள் கையால் சாப்பிடாதவன் ஒருவன்கூட இல்லை.

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க," என்றான் தெப்பெய்.

"என்னை எதுக்குடா இழுக்கறே?" என்றார் நிஜப் பூசாரி. "நான் ஒண்ணும் சொல்லலையே."

இத்சுரோ காதில் விழாதவர் போலக் கட்டையைத் தூக்கினார். படி இறங்கியதும் மூன்று தட்டு. பிறகு ஊர்வலம் தபாலாபீஸ் வழியாகத் திரும்பியது. அங்கே போன வருஷம் பல்லக்கு ஆடிக்கொண்டே போய்த் தோட்டத்துக்குள் புகுந்து, பூத்திருந்த பூவையெல்லாம் துவம்சம் செய்துவிட்டது. புகார் சொல்ல வந்த தபாலாபீஸ் அம்மாவிடம் இத்சுரோ பெரிய நியாயஸ்தராகப் பதில் சொன்னார். "பல்லக்கு எங்கே போகணும்னு தூக்கறவன் முடிவு பண்றதில்லைம்மா. உள்ளே இருக்கறவர் முடிவு பண்றார்." ஊரில் இன்னமும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தன் தெருவுக்குள் நுழைந்ததும் இத்சுரோ தரையைப் பார்த்து நடந்தார். கடைவாசல் வந்தது. ஈரத்துண்டும் இல்லை, சோற்று உருண்டையும் இல்லை. ஒரு தட்டு தட்டிவிட்டு, தலையைத் தூக்காமலே கடந்து போனார். பத்தடி போன பிறகுதான் பின்னால் பல்லக்கின் மணிச்சத்தம் நின்றுபோனதை உணர்ந்து திரும்பினார். பல்லக்கு கடை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

ஒரு தட்டு தட்டினார். நகரவில்லை. இன்னொன்று. ம்ஹூம்.

"என்னடா, தெப்பெய்?"

"தெரியலைண்ணே. திடீர்னு கனக்குது."

"முப்பது பேர் இருக்கீங்களேடா."

"முப்பது பேருக்கும் கனக்குது."

"எனக்கு மூணு ஆள் கனம்," என்று பின் கம்பிலிருந்து ஒரு குரல் வந்தது.

"விளையாடாம நடங்க."

"நாங்க எங்கண்ணே முடிவு பண்றது?" தெப்பெய் முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டான். "உள்ளே இருக்கறவர்ல முடிவு பண்றாரு. நீங்க சொன்னதுதானே."

இத்சுரோ பூசாரியைப் பார்த்தார். பூசாரி தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "கனமாத்தான் இருக்கும் போல," என்றார். கூட்டத்துக்குள்ளிருந்து பல் டாக்டர் முன்னால் வந்தார். "தட்டுங்க இத்சுரோ. என் வீட்டுப் பூனை சார்பா நானே கேட்டுக்கறேன்."

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. தானாகக் கேட்டிருந்தால் அது அவர் வீட்டுக்கென்று அவரே வளைத்துக்கொண்டதாக ஆகியிருக்கும். கேட்க முடியாமல் அவர் விழுங்கிவிட்டு வந்ததை, இத்தனை வருஷம் அவரிடம் திட்டு வாங்கிய ஊர் சேர்ந்து வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறது. இந்த ஜனங்களுக்கு நான் என்ன செய்துவிட்டேன் என்று நினைத்தார். கத்தியதைத் தவிர ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அண்ணாந்து பார்த்து, இருபத்திரண்டு வருஷத்தில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"யாசுயோம்மா, கொஞ்சம் ஜன்னலைத் திறங்க."

திரை விலகியது. ஜன்னல் சரசரவென்று நகர்ந்தது. இத்சுரோ கட்டையைத் தூக்கித் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று.

அவ்வளவு நேரம் கனத்த பல்லக்கு பஞ்சாக எழும்பியது. அறுபது கைகள் நீண்டன. தங்கப்பறவை ஜன்னலைத் தாண்டி மேலே போய், கூரை விளிம்புக்குச் சமமாக நின்றது. மணிகள் எல்லாம் ஒருசேரக் குலுங்கி அடங்கின.

ஜன்னலில் யாசுயோ தெரிந்தாள். தெருவுக்கு முதுகைக் காட்டி மண்டியிட்டு, தலையை நன்றாகக் குனிந்து, அந்தக் கைக்கண்ணாடியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். அவள் ஓரக்கண்ணால்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடிக்குள் மிசாவோவின் முகம் இருந்தது. இடது காதுப்பக்கம் முடி கொஞ்சம் கோணலாகத்தான் வெட்டியிருக்கிறது, அவள் சந்தேகப்பட்டது சரிதான். கண்ணாடியைப் பிடிக்க ஆள் இருந்ததால் அவளுடைய இரண்டு கையும் சும்மா இருந்தன. இரண்டையும் சேர்த்து நெஞ்சுக்கு மேலே வைத்துக்கொண்டு, உதடு அசைய, சாமியிடம் ஏதோ நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இத்சுரோ மாடியைப் பார்த்துக் குனிந்தார். சாமியைக் கும்பிட்டாரா, பெண்டாட்டியைக் கும்பிட்டாரா, கண்ணாடி பிடித்தவளைக் கும்பிட்டாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. குனிந்தவர் நிமிரவில்லை. கண்ணீர் மூக்கு நுனிவழியாகத் தெருவில் சொட்டியது.

"அண்ணே," என்றான் தெப்பெய், பல்லைக் கடித்துக்கொண்டு. "சாமி எவ்வளவு நேரம்னாலும் நிப்பாரு. எங்க கை நிக்காது."

இத்சுரோ திடுக்கிட்டு நிமிர்ந்து ஒரு தட்டு தட்டினார். பல்லக்கு தோளுக்கு இறங்கியது. தெருவே சிரித்தது. அந்தச் சிரிப்பில் அவரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சேர்ந்துகொண்டார்.

சாமி துறைமுகம் பார்த்துவிட்டுச் சாயங்காலம் குன்றுக்குத் திரும்பினார். கோயிலில் விருந்துக்கு இழுத்தார்கள். இத்சுரோ ஒரு வாய் சாக்கே மதுகூடக் குடிக்கவில்லை. நேரே வீட்டுக்கு வந்து, நீலக்கோட்டோடு மாடி ஏறினார். மிசாவோ அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். யாசுயோ கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தாள்.

"அக்கா இப்பத்தான் கண்ணசந்தாங்க," என்று மெதுவாகச் சொன்னாள். "ஜன்னலைச் சாத்தறதுக்கு வந்தீங்களா, தலைவரே?"

இத்சுரோ அவள் முன்னால் மண்டியிட்டார். இரண்டு கையையும் பாயில் ஊன்றி, நெற்றி தரையில் படக் குனிந்தார். யாசுயோ பதறிப்போய்க் கூடையைக் கீழே வைத்தாள்.

"ஐயோ, என்ன இது? எழுந்திருங்க."

"எட்டு வருஷம் முன்னாடி நான் கத்தினதை மன்னிச்சிடுங்க," என்றார் தரையைப் பார்த்தே. அது வந்துவிட்டது. அடுத்ததுதான் வரவில்லை. ஒரு மூச்சு விட்டுக்கொண்டு, ஒன்றரை மாதமாகத் தொண்டையில் நின்றதை வெளியே எடுத்தார்.

"அன்னிக்குப் பனியில... நீங்க மாடியிலேர்ந்து பார்த்தீங்களே, அம்மா. பார்த்ததுக்கு ரொம்ப நன்றி."